பார்படாஸில் ஊர் சுற்ற: சென்னையில் இருந்து போகிறவர்களுக்கு

கரீபியத் தீவான பார்படாஸின் பரப்பு சுமார் 430 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் அடங்குவது 426. தீவின் நீளம் 34 கி.மீ., சுமாராகப் பாரிமுனையில் இருந்து வண்டலூர் வரை. அகலம் 23. தலைநகர் பிரிட்ஜ்டவுனும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருப்பதால் வெயிலும் பழகிய வெயில்தான். வண்டிகள் ஓடுவதும் நம்மைப் போலவே இடது பக்கம். இத்தனை பொருத்தத்தையும் பார்த்துவிட்டு "ஒரே நாளில் மூன்று கடற்கரை, ஒரு குகை" என்று அட்டவணை போட்டுக்கொண்டு போகிறவர்கள், முதல் நாள் மதியமே ஏதாவது ஒரு பஸ் நிறுத்தத்தில் வியர்த்துப் போய் நிற்பார்கள்.

தூரத்தை மட்டும் கணக்குப் போட்டு, சாலைகள் போகும் விதத்தைப் பார்க்காமல் விட்டதுதான் காரணம். 1 முதல் 7 வரை எண்ணிட்ட நெடுஞ்சாலைகள் பிரிட்ஜ்டவுனில் இருந்து விசிறி போலப் பிரிந்து போகின்றன. பஸ்களும் பெரும்பாலும் அப்படியே. கோயம்பேடு வருவதற்கு முன்னால் எந்த ஊர் போகவும் பிராட்வே வந்தாக வேண்டியிருந்ததே, அந்த நினைப்போடு போனால் பார்படாஸ் சட்டென்று பிடிபட்டுவிடும். பிரிட்ஜ்டவுன்தான் பாரிமுனை. மேற்குக் கரையில் தங்கிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் பஸ்ஸில் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

எங்கே தங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். கார் எடுக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்குத் தெற்குக் கரைதான் தோது: ஹேஸ்டிங்ஸ், வொர்திங், செயின்ட் லாரன்ஸ் கேப், ஆய்ஸ்டின்ஸ் என்று 7-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே ஊர்கள் வரும். காலை முதல் இரவு வரை வேன்கள் ஓயாமல் ஓடும். மேற்குக் கரையில், 1-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஹோல்டவுனும் ஸ்பைட்ஸ்டவுனும் இருக்கின்றன. அங்கே கடல் குளம் போல அமைதி, விடுதி வாடகை கொஞ்சம் கையைக் கடிக்கும். கிழக்குக் கரை அட்லாண்டிக் பக்கம். அழகு எல்லாம் அங்கேதான், ஆனால் பஸ் குறைவு. பார்த்துவிட்டுத் திரும்பலாம், கார் இல்லாமல் தங்கக் கூடாது.

சென்னையிலேயே முடிக்க வேண்டியவை

இந்திய பாஸ்போர்ட்டுக்கு பார்படாஸ் 90 நாள் வரை விசா கேட்பதில்லை. இதைப் படித்ததும் டிக்கெட் போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. சிக்கல் நடுவழியில்தான். சென்னையில் இருந்து லண்டனுக்கு நேரடி விமானம் இருக்கிறது, லண்டனில் இருந்து பிரிட்ஜ்டவுனுக்கும் இருக்கிறது. ஆனால் ஹீத்ரோவுக்குள்ளேயே விமானம் மாறினாலும் இந்தியர்களுக்கு டிரான்சிட் விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விசா ஏதாவது ஒன்று வைத்திருப்பவர்களுக்கு விலக்கு கிடைக்கும். இதில் இன்னொரு கண்ணி: சென்னை விமானம் ஹீத்ரோவில் இறங்க, பார்படாஸ் விமானம் கேட்விக்கில் இருந்து கிளம்பும்படி டிக்கெட் அமைந்துவிடும். அப்போது பிரிட்டனுக்குள் நுழைந்து வேறு விமான நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்கான விசாவும் வேறு. மலிவு டிக்கெட் என்றால் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் டிரான்சிட்டுக்கும் அமெரிக்க விசா வேண்டும்.

பார்படாஸோடு திரும்புகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசிப் பேச்சு இல்லை. அங்கிருந்து டிரினிடாட், கயானா பக்கம் போய்விட்டு இந்தியா திரும்பினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தல்தான். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். போட்ட பத்தாம் நாளில் இருந்துதான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது.

ரூபாய் நோட்டு அங்கே வெறும் காகிதம். அமெரிக்க டாலராகக் கொண்டு போங்கள், அதிலும் 1, 5, 10, 20 டாலர் நோட்டுகளாக இருக்கட்டும். 1975-இல் இருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படாஸ் டாலர் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். கடைகளும் டாக்சிகளும் இரண்டையும் வாங்கும். கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் இங்கேயே திறந்துவிடுங்கள். ஓ.டி.பி. வரும் சிம்மை ரோமிங்கில் வைக்காமல் போய், கார் கம்பெனி கவுண்டரில் கையைப் பிசைகிறவர்கள் ஏராளம்.

பெட்டி கட்டும்போது ஒரு சின்ன விஷயம். ராணுவ உடை மாதிரி பச்சை-பழுப்புத் திட்டு போட்ட துணியை பார்படாஸில் யார் அணிந்தாலும் சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் விலக்கில்லை. தி.நகரில் வாங்கிய அந்தக் கார்கோ பேன்ட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தொப்பி, பைகூட அந்த டிசைனில் வேண்டாம்.

நீலம், மஞ்சள், வெள்ளை

பொதுப் போக்குவரத்து மூன்று நிறத்தில் வரும். நீல உடம்பில் மஞ்சள் பட்டை போட்டது அரசு பஸ், டிரான்ஸ்போர்ட் போர்டினுடையது, நம்பர் பிளேட் 'பி.எம்.' என்று தொடங்கும். 2020-க்குப் பிறகு இவற்றில் மின்சார பஸ்கள் நிறைய வந்துவிட்டன. மஞ்சள் உடம்பில் நீலப் பட்டை போட்டது தனியார் மினி பஸ், பிளேட் 'பி'. வெள்ளை வேனில் அரக்குப் பட்டை ஓடினால் அது இசட்-ஆர்; நம்பர் பிளேட்டில் உள்ள எழுத்தே பெயராகிவிட்டது. நம்ம ஊர் ஷேர் ஆட்டோவுக்குத் தடம் எண்ணும் நிலையான கட்டணமும் கொடுத்து, உள்ளே பெரிய ஸ்பீக்கரும் வைத்தால் எப்படியோ அதுதான் இசட்-ஆர்.

மூன்றிலும் கட்டணம் ஒன்றே: 2019-இல் 3.50 பார்படாஸ் டாலர் என்று ஆனது. அடுத்த தெருவில் இறங்கினாலும் தீவின் மறுமுனைக்குப் போனாலும் அதேதான். பஸ் மாறினால் மறுபடி 3.50. நம் கணக்கில் ஒரு ஏறலுக்கு 150 ரூபாய் சொச்சம்.

காசு கொடுப்பதில்தான் வித்தியாசம். நீல பஸ்ஸில் ஏறும்போதே டிரைவர் பக்கத்தில் உள்ள பெட்டியில் போட வேண்டும். பார்படாஸ் பணம் மட்டும்தான், சில்லறை திரும்பி வராது. ஐந்து டாலர் நோட்டைப் போட்டால் போட்டதுதான். ஐம்பது சென்ட் நாணயம் புழக்கத்தில் கிடையாது, ஆகவே 3.50 என்பது நீல நிற இரண்டு டாலர் நோட்டு ஒன்று, ஏழு பக்கம் கொண்ட ஒரு டாலர் நாணயம் ஒன்று, 25 சென்ட் இரண்டு. முதல் நாள் சூப்பர் மார்க்கெட்டில் தண்ணீர் பாட்டில் வாங்கும்போதே இந்தச் சேர்க்கையாகச் சில்லறை கேட்டு வாங்கி, ஆளுக்கு நான்கு செட் பையில் போட்டுவிடுங்கள். மஞ்சள் பஸ்ஸிலும் இசட்-ஆரிலும் கண்டக்டர் உண்டு, மீதி தருவார். அதற்காக ஐம்பது டாலர் நோட்டை நீட்டினால், நம்ம ஊர் கண்டக்டர் பார்க்கும் அதே பார்வை அங்கேயும் கிடைக்கும்.

நிறுத்தங்களில் வட்டப் பலகை இருக்கும். ஒரு பக்கத்தில் 'டு சிட்டி', எதிர்ப்பக்கத்தில் 'அவுட் ஆஃப் சிட்டி' என்று எழுதியிருப்பார்கள். சிட்டி என்றால் எப்போதும் பிரிட்ஜ்டவுன். நீங்கள் போகும் இடம் பிரிட்ஜ்டவுன் பக்கமா, அதற்கு எதிர்ப்பக்கமா என்று மட்டும் தெரிந்தால் போதும், எந்தப் பலகையின் கீழ் நிற்பது என்பது முடிந்தது. வொர்திங்கில் தங்கியிருப்பவர் ஆய்ஸ்டின்ஸ் போக 'அவுட் ஆஃப் சிட்டி' பக்கம் நிற்க வேண்டும். கடல் எந்தப் பக்கம் என்று பார்த்துக் குத்துமதிப்பாக நின்றால் வண்டி நகரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்.

பலகையின் கீழ் நின்றால் மட்டும் பஸ் நிற்காது. வண்டி கண்ணில் பட்டதும் கையை நன்றாக நீட்டுங்கள். ஏறியதும் "குட் மார்னிங்" சொல்வது அங்கே அலங்காரத்துக்கு அல்ல. சொல்லாமல் ஏறி நேராக வழி கேட்டால் மரியாதை தெரியாதவர் என்று எடுத்துக்கொள்வார்கள். மதியத்துக்கு மேல் "குட் ஆஃப்டர்நூன்". அதைச் சொல்லிவிட்டு இறங்கும் இடத்தைச் சொன்னால் டிரைவர் மட்டுமல்ல, பக்கத்து சீட்டுப் பாட்டியும் உங்களை இறக்கிவிடும் பொறுப்பை எடுத்துக்கொள்வார். இறங்க மணியை அழுத்துங்கள். இசட்-ஆரில் பாட்டுச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்படி "பஸ் ஸ்டாப்" என்று குரல் கொடுக்க வேண்டும்.

இசட்-ஆரில் நெருக்கியடித்துத்தான் உட்கார வேண்டும். நடுவழியை அடைக்கும் மடக்கு சீட்டில் உட்கார்ந்தால், பின்னால் இருப்பவர் இறங்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் எழுந்து வெளியே நின்று மறுபடி ஏற வேண்டும். பெட்டியோடு ஏறவே கூடாது. தோள் பை என்றால் மடியில். பள்ளி விடும் நேரமான மதியம் இரண்டரைக்கு மேல் எல்லா வண்டியும் நிரம்பிவிடும். கடற்கரைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் அதற்கு முன்னால் கிளம்பலாம், இல்லையென்றால் ஆறு மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

நகரத்தில் எல்லா பஸ்ஸும் ஒரே நிலையத்தில் நிற்காது. தெற்கு, கிழக்கு போகும் அரசு பஸ்கள் ஃபேர்சைல்டு தெரு நிலையத்தில். வடக்கு, மேற்கு போகிறவை பிரின்சஸ் ஆலிஸ் நிலையத்தில். இரண்டுக்கும் நடுவே ஆற்று முகத்துவாரப் பாலத்தைத் தாண்டி, பிராட் தெரு வழியாகக் கால் மணி நேரத்துக்குக் குறையாத நடை. இணைப்பு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இதைக் கோட்டை விடுவதுதான் வழக்கம். தெற்குக் கரையில் நினைவில் வைக்க வேண்டிய எண் 11: பிரிட்ஜ்டவுனில் இருந்து சில்வர் சாண்ட்ஸ் வரை போகும் இசட்-ஆர். மேற்குக் கரையில் 27: ஸ்பைட்ஸ்டவுன் மினி பஸ். நகரத்துக்குள் நுழையாமல், பிரிட்ஜ்டவுனைச் சுற்றிப் போகும் ஏ.பி.சி. நெடுஞ்சாலை வழியாகத் தெற்கையும் ஸ்பைட்ஸ்டவுனையும் இணைக்கும் அரசு பஸ்ஸும் உண்டு, முகப்பில் 'பைபாஸ்' என்று போட்டிருப்பார்கள். அடிக்கடி வராது, வந்தால் விடாதீர்கள்.

டாக்சி

பிளேட்டில் 'இசட்' என்று மட்டும் இருந்தால் டாக்சி. மீட்டர் கிடையாது, எந்த இடத்துக்கு எவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணம் உண்டு. விமான நிலையத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஏறும் முன் தொகையைக் கேட்டால் மட்டும் போதாது, எந்த டாலர் என்றும் கேட்க வேண்டும். டிரைவர் "நாற்பது" என்றால் அது 40 பார்படாஸ் டாலரா, 40 அமெரிக்க டாலரா என்பதில் சரிபாதி வித்தியாசம். "பேஜன் ஆர் யு.எஸ்.?" என்று கேளுங்கள் (பேஜன் என்றால் பார்படாஸ் டாலர்); உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் கேட்பார்கள். போனைத் திறந்து ஓலாவைத் தேட வேண்டாம். நீண்ட பயணக் களைப்போடு, பெட்டிகளோடு இறங்கும் முதல் நாள் டாக்சி நியாயமான செலவு. தினமும் எடுத்தால் கார் வாடகையைத் தாண்டிவிடும்.

கார் எடுப்பதானால்

தீவில் ஒரு வாரம் இருந்தால் இரண்டு நாள் கார், மற்ற நாள் பஸ் என்பது நல்ல கணக்கு. இரண்டு பேர் நாளைக்கு நான்கு முறை பஸ் ஏறினால் 28 பார்படாஸ் டாலர், அதாவது 14 அமெரிக்க டாலர்தான் ஆகும். எந்தக் காரும் அந்த விலைக்கு வராது. ஆனால் கிழக்கு, வடக்கு மூலைகளைப் பார்க்கக் கார்தான் வழி.

தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிம அட்டையைக் காட்டினால் கார் கம்பெனியே உள்ளூர் விசிட்டர் பெர்மிட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதித் தரும். முன்பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவை: கிளட்ச் வண்டியா ஆட்டோமேட்டிக்கா, விபத்துக்கு நம் பங்காக எவ்வளவு கட்ட வேண்டும், டயரும் கண்ணாடியும் காப்பீட்டில் சேருமா, முன்பணமாகக் கார்டில் எவ்வளவு பிடித்து வைப்பார்கள். டயர் சேராது என்று சொன்னால் கவலைப்பட வேண்டிய விஷயம்தான், ஏனென்றால் குறுகிய சாலையில் எதிரே பஸ் வரும்போது நாம் இடப்பக்கம் ஒதுங்க, அங்கே சிமென்ட் விளிம்போ, பள்ளமோ, சுண்ணாம்புக் கல்லோ காத்திருக்கும். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் பஞ்சர் கடையால் ஒன்றும் செய்ய முடியாது. வண்டியை எடுக்கும்போது நான்கு டயரின் வெளிப்பக்கத்தையும் வீடியோ எடுத்துவிட்டு, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மினி மோக் என்ற கதவில்லாத குட்டிக் கார் பார்க்க ஜாலியாக இருக்கும். பையைப் பூட்டி வைக்க இடமிருக்காது, மழை வந்தால் மூன்று பக்கமும் நனையும். ஒரு நாளைக்கு ஆசைக்கு எடுக்கலாம்.

வாடகைக் காரின் பிளேட் 'எச்' என்று தொடங்கும். அதைப் பார்த்ததும் உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் இடம் விட்டு, பொறுமையாகத்தான் ஓட்டுவார்கள். அந்தப் பொறுமையை நாம் வீணாக்குவது இரண்டு பழக்கத்தால்.

ஒன்று ஹெட்லைட். சென்னையில் எதிரே வருகிறவர் லைட்டை அடித்தால் "நான் வருகிறேன், நில்" என்று அர்த்தம். பார்படாஸில் அதே சைகைக்கு "நான் நிற்கிறேன், நீ போ" என்று பொருள். வழி விட்டுக் காத்திருக்கிறவரைப் பார்த்து நீங்களும் நின்றால் பின்னால் வரிசை சேரும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. சென்னைப் பழக்கத்தில் நீங்கள் லைட்டை அடித்துக்கொண்டே வேகமாக வர, எதிரே இருப்பவர் நீங்கள் வழி விட்டதாக நினைத்து உங்கள் குறுக்கே திரும்புவார். அடிபடுவது இங்கேதான். ஆகவே லைட்டைத் தொடாதீர்கள். ஹாரனும் அப்படித்தான்: சின்னதாக ஒரு 'பீப்' என்றால் நன்றி, அல்லது தெரிந்தவரைப் பார்த்த வணக்கம். யாராவது ஹாரன் அடித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று ரவுண்டானா. விமான நிலையப் பக்கத்தில் இருந்து பிரிட்ஜ்டவுனைச் சுற்றி மேற்கே போகும் ஏ.பி.சி. நெடுஞ்சாலை முழுக்க ரவுண்டானாக்கள். அண்ணா நகர் ரவுண்டானாவில் மூக்கை நுழைத்தவர் முதலில் போவார். அங்கே வலப்பக்கத்தில் இருந்து சுற்றி வருகிறவருக்கே முன்னுரிமை, அவர் போகும் வரை கோட்டிலேயே நிற்க வேண்டும். இடப்பக்கம் திரும்பவோ நேராகப் போகவோ இடது தடம், வலப்பக்கம் போக வலது தடம். தடத்தைத் தவற விட்டால் பதற வேண்டாம், இன்னொரு சுற்றுச் சுற்றி வரலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். ரவுண்டானாக்களுக்குப் பெயர்களும் உண்டு, உள்ளூரில் வழி சொல்வதும் அந்தப் பெயர்களை வைத்துத்தான். சங்கிலி அறுத்து நிற்கும் மனிதனின் சிலை இருப்பது ஜே.டி.சி. ராம்சே ரவுண்டானா, பேச்சு வழக்கில் பஸ்ஸா ரவுண்டானா. வாரன்ஸ் பக்கம் உள்ளது எவர்டன் வீக்ஸ் பெயரில். 1948-49-இல் தொடர்ந்து ஐந்து டெஸ்ட் சதம் அடித்து, ஆறாவதுக்குப் பத்து ரன் இருக்கும்போது 1949 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ரன் அவுட் ஆனாரே, அவரேதான்.

வேக வரம்பு ஏ.பி.சி. நெடுஞ்சாலையில் 80, நகரப் பகுதிகளில் 40, மற்ற இடங்களில் 60 கி.மீ. உள்சாலைகளில் 60-ஐத் தொடவே முடியாது. இரண்டு பக்கமும் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்போது வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. வெகு நாள் கழித்து முதல் மழை பெய்யும் அரை மணி நேரம்தான் இருப்பதிலேயே ஆபத்து: தேய்ந்த சாலை மேல் படிந்த எண்ணெயும் தூசும் சேர்ந்து சோப்பு போல வழுக்கும். பிரேக்கை மிதிக்காமல் கியரைக் குறைத்து வேகத்தைக் குறையுங்கள்.

கூகுள் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கக் கரும்புத் தோட்ட வண்டிப்பாதையில் இறக்கிவிடப் பார்க்கும். எண்ணிட்ட நெடுஞ்சாலையை விட்டு இறங்கச் சொன்னால் ஒருமுறை யோசியுங்கள். வழி கேட்டால் "அடுத்த கேப்பில் திரும்பு" என்பார்கள். இடைவெளி எதையும் தேட வேண்டாம். 'கேப்' என்றால் நம்ம ஊர்ச் சந்து. பெட்ரோல் விலையை அரசே நிர்ணயிப்பதால் எந்தப் பங்க்கிலும் ஒரே விலை, மலிவு தேடி அலைய வேண்டியதில்லை. கிழக்குப் பக்கம் பங்க் குறைவு, கிளம்பும் முன் நிரப்பிவிடுங்கள். போலீசுக்கு 211, ஆம்புலன்ஸுக்கு 511, தீயணைப்புக்கு 311.

பாத்ஷீபா: ஒரு நாள், இரண்டு விதமாக

கடலுக்குள் காளான் போல நிற்கும் பெரும் பாறைகளைப் பார்க்க எல்லோரும் போகும் இடம் பாத்ஷீபா. வொர்திங்கில் இருந்து பஸ்ஸில் போவதானால் காலை எட்டு மணி வாக்கில் 'டு சிட்டி' பக்கம் நின்று 11-ஆம் எண் இசட்-ஆர். பிரிட்ஜ்டவுனில் இறங்கி ஃபேர்சைல்டு தெரு நிலையத்துக்கு நடந்து, பாத்ஷீபா என்று எழுதிய நீல பஸ். போக வர ஒருவருக்கு 14 பார்படாஸ் டாலர். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே டிரைவரிடம் "திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி எது" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பயணம் வேண்டாம், பஸ்கள் இன்னும் குறையும். கடைசி பஸ்ஸைத் தவற விட்டால் டாக்சியைப் போனில்தான் வரவழைக்க வேண்டும்; நாள் முழுக்கப் பஸ்ஸில் மிச்சம் பிடித்தது அத்தனையும் அதில் போய்விடும்.

அங்கே நீந்தக் கூடாது. மெரினாவில் இழுத்துக்கொண்டு போகும் அதே வகை நீரோட்டம்தான், சொல்லப்போனால் அதைவிட மோசம். அலை இறங்கிய நேரத்தில் பாறைகளுக்கு நடுவே தேங்கும் குட்டைகளில் உட்காரலாம், அவ்வளவுதான்.

காரில் என்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. ஏ.பி.சி.-யில் இருந்து 3-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஹார்ஸ் ஹில் இறக்கத்தில் பாத்ஷீபா வரும். இறக்கம் செங்குத்து, இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். பிறகு கடலை ஒட்டிய ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் வடக்கே. இந்த ஈ.சி.ஆரில் டோல்கேட் இல்லை, பிரியாணிக் கடைகளும் இல்லை. பெல்பிளேனில் மேற்கே ஏறி ஃபார்லி ஹில், ஸ்பைட்ஸ்டவுன், அங்கிருந்து 1-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஹோல்டவுன் வழியாகத் திரும்பலாம். மதிய உணவை ஸ்பைட்ஸ்டவுனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தி நம் ஊர் மாதிரியே சட்டென்று இருட்டிவிடும். ஆறு மணிக்குள் பெரிய சாலைக்கு வந்துவிட வேண்டும். உள்சாலைகளில் விளக்கு கிடையாது, நடந்து போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

நடை

பல சாலைகளில் நடைபாதையே இல்லை, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்பக்கம் நடங்கள். நடப்பதற்கென்றே உள்ள இடம் தெற்குக் கரையில் ஹேஸ்டிங்ஸில் இருந்து அக்ரா கடற்கரை வரை கடலோரமாகப் போட்ட மேடைப் பாதை, சுமார் ஒன்றரை கி.மீ. தீவின் எல்லாக் கடற்கரைகளும் பொதுச்சொத்து. விடுதி முன்னால் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். விடுதிகளுக்கு இடையே உள்ள சந்து வழியாக இறங்கலாம். கிழக்கே 1937-இல் மூடிய ரயில் பாதையின் தடத்தில் பாத்ஷீபாவில் இருந்து பாத் பக்கமாக நடக்கிறவர்களும் உண்டு. தண்ணீரைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

கடற்கரையில் மழை வந்தால் மரத்தடிக்கு ஓடும் முன் தண்டைப் பாருங்கள். சிவப்பு வண்ணம் அடித்திருந்தால் அது மாஞ்சினீல். குட்டி ஆப்பிள் போன்ற காய் கடும் விஷம், இலையில் இருந்து சொட்டும் மழைத்தண்ணீர் பட்டாலே தோல் கொப்புளித்துவிடும்.

நாள் பார்ப்பது

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2024 ஜூன் 29 அன்று கென்சிங்டன் ஓவலில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியே, பெரில் புயலால் விமான நிலையம் மூடப்பட்டுச் சில நாள் விடுதியிலேயே முடங்கிக் கிடந்தது. கோப்பை கையில் இருந்தவர்களுக்கே அந்த கதி. இந்த மாதங்களில் போனால் திரும்பும் டிக்கெட்டுக்கும் அலுவலகத்தில் சேரும் நாளுக்கும் நடுவே இரண்டு நாள் விட்டுவையுங்கள். ஆகஸ்ட் முதல் திங்கள் கிராப் ஓவர் திருவிழாவின் கடைசி நாள். ஊர்வலம் போகும் சாலைகளை அடைத்துவிடுவார்கள், அன்று விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் டாக்சியை முதல் நாளே பேசி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு ஆய்ஸ்டின்ஸ் மீன் சந்தைக்குக் காரில் போகாதீர்கள், நிறுத்த இடமே கிடைக்காது. 11-ஆம் எண் வேன் அந்தப் பக்கம்தான் போகிறது.

பக்கத்துத் தீவுகளுக்கும் போகிறவர்கள் விமானம்தான் பிடிக்க வேண்டும். கிரெனடா, செயின்ட் லூசியா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் எல்லாம் இடது பக்கம்தான். அங்கே பணம் கிழக்குக் கரீபிய டாலர், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70. கிரெனடாவில் வேனை நிறுத்த அதன் உடம்பில் தட்ட வேண்டும், மணி இருக்காது. மார்டினிக், குவாடலூப், அரூபா வலது பக்கம். அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் சாலையில் இடது பக்கம், ஸ்டீயரிங்கும் வண்டிக்குள் இடது பக்கமே. முந்துவதை மறந்துவிட வேண்டும்.

திரும்பும் நாளில் பையில் மிஞ்சிய பார்படாஸ் டாலரை அங்கேயே மாற்றிவிடுங்கள், சென்னையில் அதை வாங்க ஆள் கிடையாது. நாணயங்களை மாற்ற மாட்டார்கள். அந்த ஏழு பக்க டாலர்களை விமான நிலையத்தில் காபிக்குக் கொடுத்துவிடலாம். அதில் பொறித்திருக்கும் பறக்கும் மீனுக்காக ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.